நாலாவது மணிக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்களைக் கண்கலங்க வைத்த செயலாளர் அவர்களே, அடுத்துப் பேச ஆயத்தமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் தம்பி மனைவியே, விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்ட புத்திசாலிகளே, இல்லச் சிக்கன மன்றத்தின் குடும்பங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மறைந்த 'சிக்கனச் செம்மல்' எனக்குத் தம்பி. நான் பெரியாஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது, மைக் தேவையில்லை. அணைத்துவிடுங்கள், அவனுக்கும் சந்தோஷமாக இருக்கும். இந்த மண்டபத்தில் இத்தனை விளக்கு எரிந்து நான் பார்த்ததே கிடையாது. அவன் பேசும் கூட்டம் என்றால் மேடைக்கு மேலே ஒன்றே ஒன்றுதான் எரியும். படத்தில் அவன் முகத்தைப் பாருங்கள், சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தேடுகிற மாதிரியே இருக்கிறது.

சிரிக்கலாம், தப்பில்லை. கூட்ட முடிவில் மௌன அஞ்சலி உண்டு என்று தலைவர் அறிவித்தார். ஒரு நிமிஷ மௌனத்தை மன்றத்தின் வழக்கப்படி அரை நிமிஷமாகக் குறைத்திருக்கிறார்களாம். நேரத்திலும் சிக்கனம்! அந்த அரை நிமிஷத்தில் அவனை நினைத்து முடித்துவிடுவீர்களா நீங்கள்?

செயலாளர் என்ன சொன்னார்? "கடைசி மூச்சு வரை சிக்கனம் காத்த செம்மல்" என்றார். பஸ் காசை மிச்சம் பிடிக்க உச்சி வெயிலில் நடந்தே வந்து, வழியில் உயிரை விட்டார் என்றார். உடனே நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டின ஜனங்களை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அதுகூடப் போகட்டும். ஆனால் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற அதே வாய், இன்னொன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறது. வீட்டு வாசலில் என் காதில் விழுந்தது. குழாயடியில் விழுந்தது. இதோ இந்த மண்டபத்துக்குள் நுழையும்போதும் விழுந்தது. "அந்தம்மா மட்டும் போனை எடுத்திருந்தா, மனுஷன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு." சொன்னது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பொருளாளரின் மனைவி இப்படித் தரையையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். நான் அவளுக்கு நாத்தனார். ஒரு நாத்தனார், தம்பி பொண்டாட்டிக்காகப் பரிந்துகொண்டு மேடை ஏறியிருக்கிறாள் என்றால், விவகாரம் எவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள் என்று சொல்லக்கூடாது. பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு ஆணி கூட வெளியே போகாது, உள்ளேயும் வீணாகாது. வேலை விட்டு வந்தால் சட்டைப் பையில் வாஷரும் கையில் ஸ்பானருமாகத் தெருத்தெருவாகப் போவான். எந்த வீட்டில் குழாய் சொட்டினாலும் கேட்காமலே உள்ளே நுழைந்து சரி பண்ணிவிட்டு வருவான். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் குழாயில் அவன் போட்ட வாஷர் இன்னும் இருக்கிறது. குடும்பம் நடத்தத் தெரியாமல் தத்தளித்த டிரைவர் ஒருவருக்கு, அடுப்பங்கரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து நிமிர்த்தினான். அந்த டிரைவர் இதோ அழுதுகொண்டிருக்கிறார். அந்த அழுகையை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஊருக்குச் சொன்னது வேறு, வீட்டில் நடத்தியது வேறு! ஊரில் நீங்கள் அவனைச் செம்மல் என்றீர்கள். தெருவில் 'மெயின் ஸ்விட்ச்' என்றார்கள். தெரு வைத்த பெயர்தான் சரி.

அந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியலாம். அதனால் விளக்கு எங்கேயோ குடும்பம் அங்கே. அம்மா அடுப்பங்கரைக்குப் போனால் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அப்பா குளிக்கப் போனால் ரெண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் நான் போயிருந்தபோது அவன் குளித்துவிட்டு வருகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்து, யார் கை யார் கை என்று விளையாடிச் சிரித்தோம். அது நல்ல நேரம்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

அடுப்பு? பாதி வெந்ததும் அணைத்துவிட்டு மூடி வைக்க வேண்டும், மிச்சச் சூட்டில் மிச்சம் வெந்துவிடுமாம். வேகாது. வேகாததைத் தின்றுவிட்டு, "பல்லுக்கு நல்லது" என்பான். பிரிட்ஜ்? பொழுது சாய்ந்தால் அதற்கும் தூக்கம். விசிறி? விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும். கூடப்பிறந்தவள் விருந்தாளியில் சேர்த்தி இல்லை என்று எனக்குச் சுற்றவில்லை. சோப்புத் துண்டையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்கி, அதற்கு 'கூட்டணி' என்று பெயர் வைத்திருந்தான். இதற்கெல்லாம் நான் சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் வயிறு எரிந்ததில்லை. வயிறு எரிந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதைத்தான் செயலாளர் இப்போது அட்டையில் அச்சடித்து, அவன் படமும் போட்டு, உங்கள் எல்லார் வீட்டிலும் மாட்டப் போவதாக அறிவித்திருக்கிறார். மணிமுறை!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் பொதுவாக ஒரு பழைய பட்டன் போன், அடுப்பங்கரைச் சுவரில் ஆணியில் ஒரு பையில் தொங்கும். வெளியே போனவர் அதற்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு மணி அடித்து நின்றால், வந்து சேர்ந்தாச்சு, நல்லா இருக்கேன். ரெண்டு மணி, லேட்டாகும். மூணு மணி, வாசலில் நிற்கிறேன், கதவைத் திற. வீட்டில் இருப்பவர் எண்ண வேண்டும். எடுக்கக் கூடாது. எடுத்தால் கூப்பிட்டவருக்குக் காசு போய்விடும். மாதத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு நாளெல்லாம் பேசுகிற காலத்தில், "பேசாத பேச்சுக்கு எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டவன் அவன்.

மகள் கல்யாணம் ஆகி வெளியூர் போனாள். சாயங்காலமானால் ஒரு மணி அடிக்கும், நிற்கும். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அம்மாக்காரி அடுப்பங்கரையில் நின்று அந்த மணியைக் கேட்பாள். மற்ற அம்மாக்கள் மகளின் குரலைக் கேட்டார்கள், இவள் மகளின் மணியைக் கேட்டாள். குழந்தை பிறந்த அன்றைக்கும் ஒரே மணிதான்! "ஒரு மணி அடிச்சிருச்சு, தாயும் பிள்ளையும் சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு அவன் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். பேரனா பேத்தியா என்று நான்தான் என் போனில் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னேன். பேத்தி.

அதற்கு முன்னால் ஒருநாள் மூன்றையும் தாண்டி மணி அடித்திருக்கிறது. இவள் பதறிப்போய் எடுத்துவிட்டாள். ஒன்றுமில்லை, அவன் சட்டைப் பையில் பட்டன் தானாக அமுங்கியிருக்கிறது. பையில் வாஷரும் ஸ்பானரும் உரசுகிற சத்தத்தை இவள் "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டபடி கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவன் என்ன பேச்சு பேசினான்! வாசல் வரைக்கும் கேட்டதாகப் பக்கத்து வீட்டு டெய்லரம்மா சொன்னார். "உன்னை எண்ணச் சொன்னேனா, எடுக்கச் சொன்னேனா?" அதற்குப் பிறகு சில நாள் அவளோடு பேசவே இல்லை. பேச்சிலும் சிக்கனம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மன்றத்தில் வகுப்பு எடுத்துவிட்டு நடந்து வருகிறான். நெஞ்சை அடைக்கிறது. பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்காருகிறான். வீட்டுக்கு அடிக்கிறான். இவள் பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு வந்து போனுக்கு முன்னால் நிற்கிறாள். ஒன்று. ரெண்டு. மூன்று. வாசலைப் போய்ப் பார்க்கிறாள், யாரும் இல்லை. திரும்பி வருகிறாள். மணி நிற்கவில்லை. நாலு. அதற்கு மேலும் அடிக்கிறது. கையை நீட்டியிருக்கிறாள். அன்றைக்கு வாங்கின பேச்சு நினைவுக்கு வந்ததும், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். ஓய்ந்து, மறுபடியும் அடித்திருக்கிறது. அப்புறம் அடிக்கவில்லை. எதிர்க் கடைக்காரர் பார்த்து ஆட்களைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணி, நாலாவது மணிக்கு என்ன அர்த்தம்?"

செயலாளர் அவர்களே, அட்டை அச்சடிக்கப் போகிறீர்களே, நீங்கள் சொல்லுங்கள். நாலாவது மணிக்கு என்ன அர்த்தம்? வந்து சேர்ந்ததற்கு ஒரு மணி ஒதுக்கினான். லேட்டாவதற்கு ஒதுக்கினான். கதவைத் திறப்பதற்கு ஒதுக்கினான். 'பயமா இருக்கு, யாராவது வாங்க' என்று சொல்ல ஒரு மணி ஒதுக்கினானா? 'என் குரலைக் கேளு' என்று சொல்ல ஒதுக்கினானா? அவன் சொன்னபடியே நடந்தவளைப் பார்த்து, ஏன் எடுக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது? மன்றத்தில் எத்தனை பேர் வீட்டில் இந்த மணிமுறை நடக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். தூக்க மாட்டீர்கள். அந்த மத்தியானம் உங்கள் வீட்டில் மணி அடித்திருந்தால் நீங்கள் எடுத்திருப்பீர்களா?

கஷ்டப்பட்டு வளர்ந்தவர், அதனால் அப்படி இருந்தார் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே வீட்டில், அதே கஷ்டத்தில்தான் நானும் வளர்ந்தேன். என் வீட்டில் போன் அடித்தால் நான் எடுப்பேன்.

டேய் தம்பி, உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் சொல்லி மாளாது. எனக்கு அடித்திருக்கக் கூடாதா? என் நம்பர் உனக்குத் தெரியாதா? அக்காவிடம் எதற்குடா உனக்குச் சிக்கனம்? ஓடி வந்திருப்பேனே. அதிலும் உன் புத்தி வீட்டு மணிக்குத்தான் போயிருக்கிறது. இத்தனை நாளும் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தவள், அன்றைக்கு எடுப்பாள் என்று நம்பியிருக்கிறாய்.

மன்னிக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், இருக்கட்டும்.

அன்றிலிருந்து இவள் அந்தப் போனைத் தொடவில்லை. மணி அடித்தால் கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள். பிள்ளை பெற்ற உடம்பு, மகளைப் பயணம் போகக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாத அந்தப் பெண் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். மணி அடித்து அடித்து ஓய்கிறது. நேற்று எனக்குப் போன் பண்ணி, "அத்தை, அம்மாவும் எடுக்கலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது?" என்று கேட்டாள். இந்த வீட்டில் இன்னொரு உயிரையும் மணி எண்ணியே தொலைக்கப் போகிறோமா?

ஆகவே, கூட்டத்தின் முறைப்படி உறுதிமொழிக்கு வருகிறேன். அவன் பணியைத் தொடர்வோம். குழாய் சொட்டினால் வாஷர் போடுவோம், வெளியே போகும்போது விளக்கை அணைப்போம். அந்தக் 'கூட்டணி' சோப்பைக் கூட நான் தொடர்கிறேன். ஆனால் அந்த அட்டை அச்சாகக் கூடாது. அச்சாகிவிட்டது என்றால் கொண்டு வாருங்கள், என் வீட்டு அடுப்புக்கு ஆகும். மணி அடித்தால் எடுப்போம். ஒன்றாவது மணியிலேயே எடுப்போம். இந்த உறுதியை என் தம்பியின் படத்துக்கு முன்னால் நான் எடுக்கிறேன்.

இவள் மடியில் இருக்கிற பையில் அந்தப் போன் இருக்கிறது. நான்தான் வம்பு பண்ணிக் கொண்டு வரச் சொன்னேன். நான் பேசி முடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடு என்று தம்பி மகளிடம் சொல்லியிருந்தேன். நான்தான் பேச்சை இழுத்துவிட்டேன், பாவம் அவள் அங்கே…

இதோ, அடிக்குது.

யாரும் திரும்பிப் பார்க்காதீங்க. ஏம்மா, எண்ணாதே. உதடு அசையுது பாரு, எண்ணாதேன்னு சொல்றேன்ல. பையைத் திற. போனை வெளியே எடு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும், தெரியாதவங்களுக்கு இப்பதான் சொல்லியிருக்கேன். பச்சைப் பட்டன். அதான். அமுக்கு.

காதுல வை.

பேசும்மா.

தலைவரே, மௌன அஞ்சலியை இப்பவே வச்சுக்கலாம். எல்லாரும் எழுந்து நில்லுங்க. அரை நிமிஷம் இல்ல. அவ பேசி முடிக்கிற வரைக்கும்.