தடயம் இல்லாத மாப்பிள்ளை

— கடைசியா ஒரே ஒரு கேள்வி அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இருக்கீங்களா, இல்லையா?

— உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்.

— அது சரி. ஆனா எந்தக் கம்ப்யூட்டர்லயும் நீங்க இல்லையே! பதினெட்டு வருஷமா கல்யாண விசாரணை பண்றவன் நான். குடிகாரன், சூதாடி, ரெண்டு பொண்டாட்டிக்காரன், எல்லாரையும் அரை நாள்ல புடிச்சிருக்கேன். உங்களை மூணு வாரமா தேடறேன். ஒரு போட்டோ இல்ல. ஒரு பிறந்தநாள் வாழ்த்து இல்ல. யாரோடயும் நீங்க ஒரு சண்டை கூடப் போடல.

— சண்டை எதுக்கு?

— பாருங்க, இப்படிப் பேசினா நான் என்னத்தை ரிப்போர்ட் எழுதறது?

— அதுக்காக விசாரிக்க வேண்டிய ஆளோட வீட்டுக்கே வந்து, அவன்கிட்டயே கேட்பீங்களா?

— வேற வழி தெரியல அண்ணே. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள, என்னை அனுப்பின டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட் குடுத்தாகணும். இந்தப் பல்லுங்களைக் கொஞ்சம் நகர்த்தினா லேப்டாப்பை வச்சுக்குவேன்.

— மெதுவா. அது ஒரு பாட்டு டீச்சரோட மேல் வரிசை. நாளைக்குக் குடுக்கணும்.

— பல்செட் செய்யறவர்னு மட்டும்தான் உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். அதுவும் டாக்டரம்மா சொல்லித்தான். உங்க வைஃபைல ஏறிக்கட்டுமா?

— கூடாது.

— சரி, என் போன்லேருந்தே போட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்குன்னு ஒரு மெயில் வந்துச்சில்ல? அது நான்தான். தொட்டா நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு எனக்குக் காட்டிக் குடுத்துடும். மூணு நாள்ல நாலு தடவை தொட்டீங்க. திங்கக்கிழமை பனி பெய்யற ஒரு தேசத்துல இருந்தீங்க. செவ்வாய்க்கிழமை ஒரு தீவு. புதன்கிழமை எங்கேயோ பாலைவனம். அந்த மூணு நாளும் நீங்க கீழ்க்கடையில பிரெட் வாங்கினதை நான் என் கண்ணால பார்த்தேன். எனக்கே தலை சுத்திடுச்சு.

— என் பிரவுசர் மூணு தேசம் சுத்திட்டுத்தான் வெளியில போகும். யார் எங்கேருந்து பார்க்கறாங்கன்னு தெரியாது.

— அவ்வளவு உஷாரான ஆள் பரிசு மெயிலை எதுக்கு நாலு தடவை தொட்டீங்க?

— மிக்ஸின்னு போட்டிருந்துச்சு. மிக்ஸி எனக்குத் தேவையாத்தான் இருந்துச்சு.

— ஐயோ அண்ணே. உங்க குப்பையைக் கூட விடல நான். எல்லாம் பொடிப் பொடியா கிழிச்ச காகிதம். மூணு மணி நேரம் உட்கார்ந்து ஒட்டினேன். 'முன் பல் கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும், அப்பதான் நம்புவாங்க'ன்னு வந்துச்சு. நான் ஏதோ சங்கேதம்னு நினைச்சு ரெண்டு நாள் தூங்கல.

— அது பாட்டு டீச்சர் எழுதிக் குடுத்த சீட்டு.

— இந்தப் படிவத்துல 'கெட்ட பழக்கம்'னு ஒரு கட்டம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் போதும். ஒண்ணு கூட இல்லாத மனுஷனை எந்தப் பொண்ணும் நம்பாது.

— உங்களைப் பத்தி நான் சொல்லட்டுமா? உங்களுக்கு எட்டாம் நம்பர் ஷூ. குறட்டைக்கு மருந்து தேடறீங்க. போன மாசம் ஒரு விக் ஆர்டர் பண்ணித் திருப்பி அனுப்பினீங்க.

— அண்ணே!

— எதிர்த்த சலூன் வாசல்ல ஒருத்தர் தினமும் பேப்பரைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, யாருன்னு பார்க்க மாட்டேனா? உங்க பேரைத் தட்டினதும் முதல்ல வந்தது உங்க ரிப்போர்ட் ஃபோல்டர். ஊர்ல யார் வேணும்னாலும் திறக்கலாம், திருத்தலாம்னு போட்டு வச்சிருக்கீங்க. என்னைப் பத்தி நீங்க எழுதறதைத் தினமும் காலையில காபி குடிச்சுக்கிட்டே படிக்கறேன்.

— படிக்கறீங்களா?

— எழுத்துப்பிழையும் பார்த்துட்டு வரேன். 'சந்தேகத்துக்குரிய'ங்கறதுல ஒரு எழுத்தை விட்டிருந்தீங்க.

— அது தானா திருந்திக்குதுன்னு இல்ல நான் நினைச்சேன்!

— என் விஷயம் போகட்டும். மத்த முந்நூறு பேரோட வீட்டு விஷயம் அதுல கிடக்கு. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? அந்த லேப்டாப்பை இப்படித் திருப்புங்க. பூட்டிக் குடுக்கறேன்.

— தப்பா எடுத்துக்காதீங்க, என்ன செலவாகும்?

— எல்லாம் இலவசம். ஓப்பன் சோர்ஸ். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாம்.

— நம்மளை மறைக்கற புரோகிராம், அதோட வயித்துல இருக்கறதை மட்டும் ஊருக்கே காட்டுமா?

— அதனாலதான் நம்பறேன். பூட்டு செய்யற விதம் எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் பார்த்து, தப்பு இருந்தா சொல்லி, சரி பண்ணியிருப்பாங்க. சாவி மட்டும் எங்கிட்ட. இப்ப நீங்க ஒரு சாவி வைக்கணும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம ஆறு வார்த்தை.

— ஒட்டகம், சாக்பீஸ்...

— சத்தமா சொல்லக் கூடாது. வேற.

— சரி. குடை, தும்மல்...

— மனசுக்குள்ள!

— மனசுக்குள்ள நினைச்சா எனக்கு மறந்துடுமே அண்ணே. என் பொழப்பே அடுத்தவங்க ரகசியத்தைச் சத்தமா சொல்றதுதான்.

— நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். அடிங்க.

— அடிச்சாச்சு. இப்ப திரையில ஒரு பட்டை ஓடுது. பூட்டி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும்ங்குது.

— ஆகட்டும்.

— சும்மா இருக்கற நேரத்துல ஒண்ணு கேட்கறேன். இது ரிப்போர்ட்டுக்கு இல்ல. மாட்டு டாக்டரம்மாவுக்கும் பல்செட்காரருக்கும் எப்படிப் பழக்கம்?

— ஒரு நாயைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு முன் பல் போயிடுச்சு. செஞ்சு தர முடியுமான்னு கேட்டாங்க. அளவெடுக்கறப்போ நாய் கடிச்சிடக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அளவெடுக்கற மாவு இறுகறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். நான் ஏழு நிமிஷம்னு சொல்லிட்டேன்.

— அண்ணே! கெட்ட பழக்கத்துல இதை எழுதிக்கட்டுமா?

— எழுதாதீங்க. அப்புறம் அந்த நாய் நாலு தடவை வந்துச்சு. அதோட பல்லெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கடுத்த தடவை நாய் இல்லாம வந்தாங்க. 'நாம கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு கேட்டாங்க.

— நீங்க?

— ஒரு மாசம் டைம் கேட்டேன்.

— அங்கதான் கெடுத்தீங்க! ஆம்பளை டைம் கேட்டா, மறைக்கறதுக்கு என்னவோ இருக்குன்னுதானே எந்தப் பொம்பளையும் நினைப்பா? அதான் என்னை ஏவிட்டாங்க. புடிச்சிருக்கா, புடிக்கலையா உங்களுக்கு?

— புடிக்காமலா ஏழு நிமிஷம் சொன்னேன்?

— அப்ப என்னதான் தடை?

— எழுதக் கூடாது.

— நோட்டை மூடிட்டேன். பேனாவையும் உங்ககிட்டயே குடுத்துட்டேன். போதுமா?

— எனக்கு லைட்டை அணைச்சா தூக்கம் வராது.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்னு நீங்க சொல்றீங்க. நாற்பத்தோரு வயசு எனக்கு. முன்னாடி ஒரு பெரிய பல் கிளினிக்ல வேலை பார்த்தேன். ஆறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல ஆளில்லாதப்போ, 'இருட்டுன்னா பயமா இருந்தா என்ன பண்றது'ன்னு தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. அன்னிக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுது. எந்தப் பக்கம் திறந்தாலும் படுக்கை விளக்கு விளம்பரம். கண்ணு சிமிட்டுற நிலா, மீன் தொட்டி மாதிரி ஒண்ணு. ஆறு மாசம்.

— யாருக்கு வந்ததுன்னு யாருக்குத் தெரியப் போகுது?

— வெளியூர் டாக்டருங்க இருபது பேர் வந்திருந்தாங்க. அதே கம்ப்யூட்டர்லேருந்து பெரிய திரையில தாடை எலும்பு படம் ஓடுது. அதுக்குப் பக்கத்துல, தாடை அளவுக்கு, 'இருட்டைக் கண்டு நடுக்கமா, செல்லக்குட்டி?'ன்னு ஓடுச்சு. சீஃப் டாக்டர் 'யாருடா அது'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். நான் முழிச்ச முழி காட்டிக் குடுத்துடுச்சு. மறுநாள்லேருந்து என் மேஜையில தினமும் யாராவது ஒரு டார்ச் வச்சிருப்பாங்க. பதினோரு டார்ச் சேர்ந்ததும் வேலையை விட்டுட்டேன்.

— பதினோரு டார்ச்சா...

— அப்புறம்தான் இதெல்லாம் கத்துக்கிட்டேன். விளம்பரத்தைத் தடுக்கறது, பின்னாடியே வேவு பார்க்கறதை வெட்டி விடறது, எல்லாம். கம்ப்யூட்டர்ல என் பயம் யாருக்கும் தெரியாது. ஆனா கல்யாணம் பண்ணா ஒரே ரூம். அதுக்கு எந்த புரோகிராம் இருக்கு, சொல்லுங்க?

— அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கண்ணு கலங்குது. முந்நூறு பேரோட ரகசியத்தை வித்திருக்கேன், ஒருத்தர் கூட தானா வாயைத் திறந்து சொன்னதில்ல. ரிப்போர்ட்டுல 'குறை ஒன்றும் கண்டறியப்படவில்லை'ன்னு எழுதிடறேன். கட்டையில போறவரைக்கும் இது என் வாயிலேருந்து வராது.

— நன்றி. பட்டை எங்க வரைக்கும் வந்திருக்கு?

— பாதியிலேயே நிக்குது. ஏன் இப்படி முக்கி முனகுது?

— நகருங்க, பார்க்கறேன். ஏங்க, இந்தக் கேமரா பக்கத்துல ஏன் பச்சை லைட் எரியுது?

— அழகுக்கு இருக்கும்.

— அழகுக்கு எரியாதுங்க. யாரோ பார்த்துக்கிட்டிருந்தாத்தான் எரியும். திரையில இந்த ஜன்னலுக்குப் பின்னாடி இன்னொரு ஜன்னல் ஒளிஞ்சிருக்கு. 'அழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.'

— ஐயையோ!

— யாரோட?

— மாடியேறறதுக்கு முன்னாடி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, 'இதோ உள்ளே போறேன், இன்னிக்கு விடறதா இல்ல'ன்னு சொல்லிட்டு மூடினேன். மூடினேன்னுதான் நினைச்சேன். இங்க வந்து திறந்ததும் அதுவும் முழிச்சுக்கிச்சு போல. அவங்க சத்தம் கேட்கலையே, அப்ப லைன்ல இல்லன்னுதானே அர்த்தம்?

— நீங்க ஸ்பீக்கரை அணைச்சு வச்சிருக்கீங்க.

— கட் பண்ணிடுங்க அண்ணே! அந்தச் சிவப்பு பட்டன்! ஏன் கையை எடுத்துட்டீங்க?

— ஸ்பீக்கரைப் போடறேன்.

— வேண்டாம்! என் தொழிலே போயிடும்!

— போட்டுட்டேன். ஹலோ. நீங்க... கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

— ஒரு மணி நேரமா கத்திக்கிட்டிருக்கேங்க! நானே கட் பண்ணலாம்னா, ஒரு பூனைக்குக் காதுல தையல் போட்டுக்கிட்டிருக்கேன், ரெண்டு கையும் அது மேல. அசையாதே, செல்லம். அப்புறம் கையை எடுக்க முடிஞ்சப்போ... எடுக்கத் தோணல.

— எல்லாத்தையும் கேட்டீங்களா?

— ஏழு நிமிஷத்தையும் கேட்டேன். டார்ச்சையும் கேட்டேன்.

— சரிங்க. அப்ப உங்க பதில் என்னன்னு எனக்குப் புரியுது. இதை நான் மூடிடறேன்.

— இருங்க, இருங்க. அந்த விளம்பரத்துல, முயல் விளக்கு ஒண்ணு வருமே, ரெண்டு காதும் மஞ்சளா எரியும், விடியற வரைக்கும் சார்ஜ் நிக்கும்... அதைப் பார்த்திருக்கீங்களா? எங்கிட்ட ரெண்டு இருக்கு.