ரெண்டாவது மாடி எட்டாம் நம்பர்

நான் இல்லைன்னு தலையாட்டுறதப் பாக்காதீங்கம்மா, வாயில வர்றத மட்டும் கேளுங்க. ஆமா, வீடு காலியாத்தான் இருக்கு. ரெண்டாவது மாடி, எட்டாம் நம்பர், ஏரி தெரியிற ஜன்னல். ஐயோ, திரும்பாதீங்க! உங்க தலைக்கு மேல கேமரா. படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. ஓனர் ஹால்வர்சன் தன் வீட்ல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாரு. உங்களுக்காகச் சாவியத் தொட்டா அடுத்த நிமிஷம் போன் அடிக்கும்.

ஏன்னு கேக்குறீங்களா? கறுப்பு ஆளுங்க வந்தா வீடு போயிடுச்சுன்னு சொல்லணும். எழுதியெல்லாம் குடுக்க மாட்டாரு. லொரெயின், உனக்கே தெரியும்னு எங்கிட்டச் சொல்லுவாரு. பதினோரு வருஷமா எனக்கே தெரியுது.

சட்டமா? அதோ சுவத்துல மாட்டியிருக்கே, எல்லாருக்கும் சமமா வீடு குடுக்கணும்னு. மாட்டியே ஆகணும்னு ரூல். நான்தான் தூசி தட்டுறேன்.

வேற வேலையா? சுலபமாச் சொல்லிட்டீங்க. கீழ்த்தளத்துல நாங்க இருக்கிற வீடு இந்த வேலையோட வந்தது. வேலை போனா வீடும் போச்சு. மூச்சு மிஷினோட என் புருஷனக் கூட்டிக்கிட்டு இந்த மில்வாக்கி குளிர்ல எங்க போவேன்?

காலையில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்தா. ஆஸ்பத்திரில பில் போடுற வேலை, ஆறு வயசுல ஒரு குழந்தை, ஒண்ணாந்தேதி குடி வரணும்னு சொன்னா. எட்டாம் நம்பரத் தொறந்து காட்டினேன். இப்ப நீங்க. அதே வேலை, அதே ஆறு வயசு, அதே ஒண்ணாந்தேதி. நெறம் பாத்து வீடு மறுக்கிறாங்களான்னு, ஒரே கதையக் குடுத்து ரெண்டு நெறத்துல ஆள் அனுப்பி உங்க ஆபீஸ்ல சோதிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? முழிக்காதீங்க. சோதிக்க வந்தேன்னு நீங்க ஒத்துக்கக் கூடாது, அது உங்க ரூல். வெளிய போய் நடந்தத நடந்தபடி எழுதுங்க. அவளுக்குக் காட்டினாங்க, எனக்குக் காட்டலன்னு.

போன மாசம் பஸ் ஓட்டுற கறுப்பு அம்மா ஒருத்தங்க வந்தாங்க. இல்லைன்னேன். பரவால்ல, எதாவது காலியானா கூப்பிடுங்கன்னு நம்பர் எழுதிக் குடுத்து, தேங்க்ஸ் வேற சொல்லிட்டு பனியில எறங்கிப் போனாங்க.

அன்னைக்கு மத்தியானம்தான் உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணேன். யார் மேல புகாருன்னாங்க. ஓனர் பேரச் சொன்னேன். வீடு இல்லைன்னு வாயால சொல்றது யாரு, அவங்களும்தான் மாட்டுவாங்கன்னாங்க.

லொரெயின் ஸ்டாசக்னு சொன்னேன். போன்ல பேசின பொண்ணுக்கு சரியாக் கேக்கல போல. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன்.