மூன்றாவது அழைப்பு

நிம்மதிக்கு விலை கிடையாது என்பார்கள். நான் பதினோரு வருடம் அதை மாதம் நாலாயிரத்து ஐநூறுக்கு விற்றவன். உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, ஐயா. இன்னொன்று கிடைத்தால் குடிப்பேன். அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அது இருபத்திரண்டு படுக்கை உள்ள மருத்துவமனை. மாடிப்படிக்குக் கீழே வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில்தான் சர்வர். நோயாளியின் தலைமாட்டில் ஒரு பொத்தான் தொங்கும். அழுத்தினால் பொத்தானில் சிவப்பு விளக்கு எரியும், செய்தி சர்வருக்கு ஓடும், சர்வர் நர்ஸ் மேசையில் மணியடித்துப் படுக்கை எண்ணைக் காட்டும். இதையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு பேனல் வைத்திருந்தேன். பிரவுசரில் திறக்கிற பக்கம், அவ்வளவுதான்.

சந்தையில் காவல்காரர் வந்து பெரிய கேட்டைத் திறந்த பிறகுதானே உள்ளே கடைகள் திறக்கும்? அந்தக் காவல்காரர்தான் பேனல். கரண்ட் போய் வந்தால் சர்வர் எழும். சர்வர் எழுந்ததும் பேனல் தானாக எழும். பேனல் எழுந்து மணி முதலான மற்றதையெல்லாம் எழுப்பும். நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். தானாக எழு என்று பேனலுக்குச் சொல்ல ஒரு வரி போதும். எழாதே என்று சொல்லவும் ஒரு வரி போதும். இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம்.

பதினோரு வருடத்தில் அது ஒரு முறைகூட என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. என் தொழிலில் அதுதான் கேடு. பழுதாகிற பொருளை விற்றவனைத் தேடி வருவார்கள். பழுதாகாத பொருளை விற்றவனை மறந்துபோவார்கள்.

பெரிய டாக்டரின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். போன திங்கள்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த சர்வர் கடைசியா எப்ப கெட்டுப்போச்சு?"

"கெட்டதே இல்லைங்க."

"அதான் கேக்கறேன். மழையே பெய்யாத ஊருல மாசாமாசம் குடைக்கு வாடகை குடுப்பாங்களா? எல்லாம் தானா ஓடுதேண்ணே. இந்த மாசத்தோட முடிச்சுக்குவோம்."

தானா ஓடுதாம். சரிங்க என்றேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, அவருடைய மேசையிலேயே என் லேப்டாப்பைத் திறந்தேன். எழாதே என்கிற அந்த ஒரு வரியை அடித்தேன். மணி பதினொன்று இருபது. சர்வரின் பதிவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை. மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டேதான் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். வாசிக்கத் தெரியாதது என் குற்றமா?

நான் ஜவுளிச் சந்தையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். வாடிக்கையாளர் ஒரு துணியை முதல் முறை கேட்டால் அது விசாரிப்பு. இரண்டாம் முறை கேட்டால் ஆசை. மூன்றாம் முறை கேட்டால்தான் தேவை. தேவை வருகிற வரைக்கும் கடைக்காரன் கணக்கு நோட்டைவிட்டுத் தலையைத் தூக்க மாட்டான். முதல் கேள்விக்கே வாயைத் திறந்தவன் கோவணத்தோடு வீட்டுக்குப் போவான். மாப்பிள்ளைக்கு நான் கற்பிக்க நினைத்தது இவ்வளவுதான். அவரை மூன்று முறை கேட்க வைக்க நினைத்தேன். இதற்குப் பெயர் வியாபாரம். நீங்கள் சட்டப் புத்தகத்தில் வேறு பெயர் வைத்திருந்தால் அது உங்கள் பாடு.

அன்றைக்கு வெளியே வரும்போது தலைமை நர்ஸ் வழிமறித்தார்.

"சார், ஒன்பதாம் பெட்டுப் பெரியவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டனை அழுத்துங்கன்னா கேக்காம ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துறாரு. பக்கத்துல தையல் போட்டவங்கல்லாம் திடுக்கிட்டு எழுந்துக்கறாங்க."

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் பாதி போய்விட்டது; மூக்கில் ஆக்சிஜன் குழாய். குரல் மட்டும் போகவில்லை. நெரிசல் நேரத்துப் பஸ்ஸைப் பின் படியிலிருந்தே நிறுத்தின குரல்.

"யாரு, கம்ப்யூட்டர் தம்பியா? இந்தச் சுண்டைக்கா பட்டனை நம்பி நான் படுத்துக் கிடக்கணுமாக்கும்?"

"நம்பலாங்க. அழுத்தினா செவப்பு வெளக்கு எரியுதா, பாருங்க. எரிஞ்சா அங்க மணி அடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

அழுத்தினார். மணி அடித்தது. நர்ஸ் வந்து நின்றார். கிழவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அட, விசில் குடுத்தா வண்டி நிக்குதே."

"அவ்வளவுதான். இனிமே தொண்டையைக் கிழிச்சுக்காதீங்க. வெளக்கு எரிஞ்சா பேசாம படுத்திருங்க, ஆள் வந்துரும். நான் கேரண்டி."

"வாக்கு மாற மாட்டியே தம்பி?"

"மாற மாட்டேங்க."

அப்போது மணி பதினொன்று நாற்பது. நான் அந்த வரியை அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நீங்கள் புருவத்தைத் தூக்குவது புரிகிறது. ஆனால் நான் சொன்ன நேரத்தில் அது சொக்கத் தங்கமான உண்மை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைந்து எழுந்தால்தான் சிக்கல். எப்போது அணையும் என்பது வாசல் பலகையிலேயே இருந்தது: சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் சோதனை, ஐந்து நிமிடம் மின்சாரம் இராது. நான் படித்தேன். எல்லோரும்தான் படித்தார்கள்.

சனிக்கிழமை இரண்டு ஒன்பதுக்கு ஃபோன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர் பேரு வருது, எடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"வரட்டும்."

இரண்டு பதினாலுக்கு மறுபடியும்.

"ஏங்க, ஆஸ்பத்திரி ஃபோனுங்க. எடுத்து என்னன்னு கேட்டுட்டுச் சாப்பிட்டா சோறு ஓடியா போயிரும்?"

"அடுத்தது மாப்பிள்ளையே பேசுவாரு, பாரு. அப்ப எடுக்கறேன்."

மணி நின்றது. ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள், நின்று சொன்னாள்: "நீங்களாவது கூப்பிட்டுப் பாருங்க."

"நாம கூப்பிட்டா வெல போயிருண்டி."

பேனலை எழுப்புவது உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிகிற வேலைதான். ஒரு நிமிடம் ஆகும். அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டுத் தலைமை நர்ஸ் விட்டுவிட்டார். பேரம் தெரியாதவர்கள் அப்படித்தான், பாதியில் கடையைவிட்டு இறங்கிவிடுவார்கள். மணி இல்லாவிட்டால் என்ன, கால் மணிக்கு ஒரு தரம் வார்டைச் சுற்றி வரலாம் என்று இரண்டு நர்ஸ்களும் முடிவு செய்தார்களாம். நல்ல யோசனைதான். இரண்டு இருபத்திரண்டுக்கு ஒன்பதாம் படுக்கையைப் பார்த்திருக்கிறார்கள். கண்டக்டர் ஏதோ கிண்டல் பேசியிருக்கிறார். அடுத்த சுற்றில் இரண்டு நாற்பது ஆகிவிட்டது. ஆக்சிஜன் குழாய் கழன்று கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம்.

நான்கு மணிக்கு நானே போனேன். அந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. எனக்கு அது கௌரவக் குறைச்சல்தான், இருந்தாலும் போனேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடிப்படி அறையில் வாளியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பேனலை எழுப்பினேன். பேனல் மணியை எழுப்பியது.

நர்ஸ் மேசையில் அடிக்க ஆரம்பித்தது. ஒன்பது. ஒன்பது. மறுபடியும் ஒன்பது.

"ஒன்பதுல யாரும் இல்லையே" என்றார் தலைமை நர்ஸ். "அவரு பாடியைக் கீழ கொண்டு போயாச்சே."

நான் விளக்கினேன். தலைமாட்டுப் பொத்தான் பெட்டியில் சின்ன நினைவகம் உண்டு. சர்வர் தூங்கினால் அழுத்தங்களைச் சேர்த்து வைத்திருந்து, எழுந்ததும் வரிசையாக ஒப்படைக்கும். இரண்டு இருபத்தாறிலிருந்து இரண்டு முப்பத்துமூன்று வரை, பதினேழு. மலிவான கம்பெனிக்காரன் கட்டியிருந்தால் அத்தனையும் காற்றோடு போயிருக்கும். என் வேலையில் ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலையின் தரம் எல்லோருக்கும் உடனே புரிவதில்லை.

அவர் கத்தியிருக்கலாம் என்கிறீர்கள். கத்தியிருந்தால் கேட்டிருக்கும், வார்டு பத்தடி தூரம்தான். ஆனால் விளக்கு எரிந்திருக்கிறது; அந்தச் சிவப்பு விளக்குக்கு சர்வர் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் எரிந்திருக்கிறது. விளக்கு எரிந்தால் பேசாமல் படுத்திருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். நாற்பது வருடம் பயணிகளிடம் முரண்டு பிடித்த மனிதர், என் பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஆம், அந்த வரியை அடித்தவன் நான்தான். பலகையைப் படித்தவனும், கேரண்டி கொடுத்தவனும், ஃபோனைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்தவனும் நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் கூட்டல் சரியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் படுக்கை அழைத்தது பதினேழு; அத்தனையும் வந்து சேர்ந்தது. என் மனைவி மூன்று முறை சொன்னாள். அவள் வீட்டு ஆள், கணக்கில் சேராது. மருத்துவமனை கூப்பிட்டது இரண்டு. ஒன்று பாக்கி. என் ஃபோன் உங்கள் டிராயரில்தான் இருக்கிறது. இப்போது அடித்தாலும் எடுப்பேன்.