கண்ணாடிக்கு உள்பக்கம் பதிந்த கை

பகல் இரண்டு மணி. இரவு இல்லை... பகல். சித்திரை வெயில். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் சாலையில் புதுச்சத்திரம் தாண்டிய இடம். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. பேய் இரவில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

நடந்தது என் நண்பன் ஜேக்கப்பின் மச்சானுக்கு. பெயர் சகாய ஆனந்த். செம்மண்டலத்தில் வீடு. ஹாலில் சோபா கிடையாது, மூன்று பின்பால் மெஷின்கள்தான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு கால், சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் எஃகு குண்டு. குண்டு கீழே விழாமல் பட்டனை அழுத்தித் தட்டிவிட வேண்டும். ரப்பர் மாற்றுவது, பலகைக்கு மெழுகு பூசுவது, உள்ளே இருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளைப் பார்ப்பது எல்லாம் அவனே செய்வான். மெஷினிடம் அவ்வளவு நேர்மை. மனிதர்களிடம் துளியும் கிடையாது.

சிதம்பரத்திலிருந்து தமிழ்ச்செல்வி என்பவர் போன் செய்தார். கணவர் ராஜமாணிக்கம், எலக்ட்ரீஷியன், இறந்து கருமாதி முடிந்து ஒரு வாரம். எங்கோ மூடிப்போன கேம்ஸ் ஹாலில் வாங்கிய மெஷினைப் பதினெட்டு வருஷம் தன் கையாலேயே பழுது பார்த்து வைத்திருந்தவர். வீடு அவருடைய தம்பியின் பெயரில் இருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய் என்று அந்தத் தம்பி அண்ணியிடம் சொல்லிவிட்டான். தமிழ்ச்செல்விக்கென்று இருந்தது அந்த மெஷின் மட்டும். அதை விற்றால்தான் வேறொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும்.

ஆனந்த் போய்ப் பார்த்தான். நாலு லட்சம் போகும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவர் உள்ளே போனார். ஆனந்த் மெஷினைத் திறந்து ஒரு பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவர் திரும்பி வந்ததும் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினான். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"போர்டு போயிடுச்சுக்கா. இரும்புக் கடைக்குத்தான் போவும்."

"நேத்துகூட ஓடுச்சே தம்பி?"

"போன மாசம் அண்ணன்கூட நல்லாத்தான் இருந்தாரு. என்னா பண்றது?"

தாலி அறுத்து ஒரு மாதம் ஆகாதவரிடம் இதைச் சொன்னான். எட்டாயிரம் கொடுத்தான். தமிழ்ச்செல்வி பேரம் பேசவில்லை. அவனுடைய சட்டைப்பையை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

டெம்போ ஓட்டியது அய்யனார். மெஷினின் கால்களைக் கழற்றிப் போர்வை சுற்றி ஏற்றியிருந்தார்கள். வண்டி ஆட்டத்தில் குண்டு உருண்டால் பலகை கீறிவிடும். அதனால் அதை வெளியே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு ஆனந்த் மடியில் வைத்திருந்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கர்ர்ர்ர்... மரத்தின் மேல் எஃகு உருளும் சத்தம். அப்புறம் டக். டக்டக்.

ஆனந்த் டப்பாவைத் திறந்தான். குண்டு அதற்குள்தான் இருந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கிப் போர்வையை விலக்கினார்கள். காயில் கருகிய வாடை. அதோடு அழுகிய சாமந்தி மாலை வாடை. கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ஆனந்த் கர்ச்சீப்பால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். போகவில்லை... அது உள்பக்கம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு கை பதிந்தது.

"அண்ணே, திருப்பிக் குடுத்துட்டு வந்துருவோம்ணே..."

"வெயிலுக்கு வேர்த்திருக்குடா. வாய மூடிக்கினு வண்டிய எடு."

வீட்டில் பியூஸை மாட்டினான். மெஷின் அருமையாக ஓடியது. புதுச்சேரியில் ஒருவர் நாலு லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். மறுநாள் பகல், உள்ளே சுத்தம் செய்யப் பலகையைத் தூக்கி இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்தான். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். அந்த விஷயத்தில் எப்போதும் ஜாக்கிரதை. இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.

அவன் மனைவி ஜெனிட்டா சமையலறையில் இருந்தாள். தொம்மென்று கேட்டது. ஓடி வந்தாள். கம்பி கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. பலகை இறங்கி அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கவ்வியிருந்தது. உள்ளே... டக். கொஞ்சம் இடைவெளி. டக். அவசரமே இல்லை. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு விரல். அந்த வழியாக வந்த ஜேக்கப்பும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கினார்கள். அசையவில்லை. பத்தாவது சத்தம் கேட்டது. அப்புறம் பலகை தானாக, மெதுவாக மேலே எழுந்தது.

எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. வராது.

மறுநாள் காலையில் ஜேக்கப்பும் அய்யனாரும் மெஷினைச் சிதம்பரத்துக்கே கொண்டுபோனார்கள். வழியில் ஒரு சத்தமும் இல்லை. பழைய இடத்தில் இறக்கிக் கால்களை மாட்டினார்கள். நடந்ததைப் பற்றி ஜேக்கப் வாயைத் திறக்கவில்லை. புதுச்சேரிக்காரரின் நம்பரை ஒரு தாளில் எழுதி நீட்டினான்.

"என் மச்சான் வெலைய தப்பா சொல்லிட்டான்க்கா. நாலு லட்சத்துக்குக் கொறஞ்சி குடுத்துடாதீங்க."

தமிழ்ச்செல்வி தாளை வாங்கிக்கொண்டார். ஏன் திரும்பி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டு கையுமா?"

ஜேக்கப் தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் மெஷின் பக்கம் திரும்பினார். குரலில் அப்படி ஒரு கோபம்.

"ஒரு கை போதும்னுதானங்க சொன்னேன்."