பதினேழாம் எண் ஒட்டிய சட்டை

என் பெயர் சந்துரு. வயது 54. தகப்பனார் பெயர் மல்லப்பன். சொந்த ஊர் ஹனூர். தற்போது மைசூரு மண்டி மொஹல்லாவில் குடியிருந்து சாக்குப்பை வியாபாரம் செய்கிறேன். இறந்துபோன ஜடையன், வயது 67, என் அக்கா நஞ்சம்மாவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

சென்ற ஜனவரியில் நாங்கள் மூவரும் மும்பையில் சொகுசுக் கப்பல் ஏறி, ஒன்பதாம் தேதி காலை கொச்சி துறைமுகம் சேர்ந்தோம். மாமாவுக்கு ஒரு வருடமாக ஞாபகம் தப்பி வந்தது. ஏற்றமாட்டார்களோ என்ற பயத்தில் படிவத்தில் நோய் எதுவுமில்லை என்று எழுதியவன் நான்தான். அக்கா முழங்கால் வலியால் கப்பலிலேயே தங்கிவிட்டாள். "மாமன ஒத்தையில எங்கயும் போகவுடாத தம்பி" என்று சொல்லி அனுப்பினாள்.

அதன் பிறகு ஊர் சுற்றிக் காட்டும் பேருந்தில் இருபத்திரண்டு பேர் ஏறினோம். வழிகாட்டி பசவராஜ் என்ற கன்னடப் பையன். ஒவ்வொருவர் சட்டையிலும் ஓர் எண்ணை ஒட்டினான். மாமாவுக்குப் பதினேழு. பேருந்து கிளம்பும்போதெல்லாம் எண்களைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பான்.

பதினொன்றரை மணிக்கு ஒரு கோயிலுக்குப் போனோம். அங்கே ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும். மாமாவின் சட்டையை மடித்து என் பையில் வைத்தேன். அவருடைய கைப்பேசியும் கப்பலில் கொடுத்த அடையாள அட்டையும் அதன் பாக்கெட்டில்தான் இருந்தன. தரிசனம் முடிந்து வந்தபோது வேட்டி கட்டிய ஒருவர் பேருந்துப் பக்கம் நடந்தார். மாமாதான் என்று நினைத்து நான் இளநீர் குடிக்க நின்றேன். அவர் வேறு யாரோ என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு பேருந்தில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பதினேழு என்று கூப்பிட்டதும் சட்டையைத் தூக்கிக் காட்டி, "முன்னாடி உக்காந்திருக்காருங்க" என்றேன்.

துறைமுக வாசலில் இறங்கியபோது ஓர் ஆள் குறைந்தது. "நீங்கதானே அண்ணா இருக்காருன்னு சொன்னீங்க" என்று பசவராஜ் கன்னடத்தில் கேட்டான். நான் சொல்லவே இல்லை என்றேன். அதன் பிறகு போலீசார் அடையாளம் கேட்டபோது நீலக்கோடு போட்ட சட்டை, மார்பில் பதினேழாம் எண் என்று சொன்னேன். சட்டை என் பையில் இருக்கிறது என்றால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். அக்காவும் நானும் கப்பலை விட்டு இறங்கி விடுதியில் தங்கினோம். இரண்டு நாளும் அந்தச் சட்டை போட்டவரைத்தான் தேடினார்கள்.

மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் ஓர் உடலைக் காட்டினார்கள். மாமாதான். காணாமல்போன அன்றே, வெற்றுடம்போடு வெயிலில் மயங்கிக் கிடந்தவரை ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பெயர் தெரியாதவர் என்று பதிவாகி, பத்தாம் தேதி இரவுவரை உயிரோடு இருந்திருக்கிறார். எங்கள் விடுதியிலிருந்து அது நடந்துபோகிற தூரம். சட்டை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒன்று கொடுத்தார்களாம். அது தன்னுடையது இல்லை என்று போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாராம். நர்சு இதைச் சொன்னபோது எனக்குக் காது அடைத்துப்போனது. இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

மாமாவின் மகன் தருண்குமார் கொடுத்த புகாரில் பசவராஜ் சிறையில் இருக்கிறான். அவன் எண்களைக் கூப்பிடவே இல்லை என்று நான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய். கூப்பிட்டான். மேற்படி சட்டையை இன்று ஒப்படைக்கிறேன்.

அக்காதான் என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிவந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. "மாமனக் கொன்னவன சும்மா உட்றாத தம்பி, நடந்தத நடந்தபடி சொல்லிப்போட்டு வா" என்று உள்ளே அனுப்பினாள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ம. சந்துரு