பொன்னாடைகளின் பின்பக்கம்

தலைமை ஏற்றிருப்பவரும், நான் மேடையேறியதில் இருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருமான ஹொல்ஸ்டெப்ரோ தமிழ் மன்றத் தலைவர் மதிப்பிற்குரிய கோணேஸ்வரன் ஐயா அவர்களே! மன்றத்தின் பொருளாளர், என் பேச்சுக்குப் பயந்து ஒலிவாங்கியின் அருகிலேயே அமர்ந்திருக்கும் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! வேலை முடிந்த களைப்போடும் பட்டுடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் நின்று டேனிஷில் சிரிக்கும் தம்பி தங்கையரே! அனைவருக்கும் மேலாக, யுகாண்டா மண்ணில் பிறந்து, இந்த மழையிலும் காற்றிலும் நம்மோடு வாழும் ஓவியர், எழுத்தாளர் லமுனு அக்கெல்லோ அவர்களே! வணக்கம்.

விருந்தினரை அறிமுகம் செய்யச் சொல்லி என்னை அழைத்தார்கள். அழைத்தவர்களே முதலில் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "தம்பி, அவ மேளம் ஏதும் வாசிப்பாவோ?"

அவர் ஓவியர் ஐயா! எழுத்தாளர் ஐயா! ஆபிரிக்கா என்றவுடன் மேளம்தானா? நம்மைப் பார்த்து ஒரு டேனிஷ்காரர், "நீங்கள் பாம்பு பிடிப்பீர்களா?" என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லமுனு வளர்ந்தது யுகாண்டாவின் குலு நகரத்துக்கு அருகே, இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில். போர் துரத்தியது, பயிர் கருகியது, பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. தீட்டத் தாளில்லை, துணியில்லை. இருந்ததெல்லாம் நிவாரண மாவு வந்த சாக்கு. அதைப் பிரித்து விரித்தார், கரியால் வரைந்தார். பின்னர் நகரத்துக்கு வந்து முடிதிருத்தும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை தீட்டிப் பிழைத்தார். அப்போதும் சாக்கை விடவில்லை. முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. முகாமில் அவரோடு வரிசையில் நின்றவர்கள் சொன்ன கதை, சொன்னவரின் சொல்லிலேயே. அந்தக் கதைகள் நூலாக வந்தன. அந்தச் சாக்குகள் கடல் தாண்டின.

ஐரோப்பாவுக்கு வந்தால் என்ன செய்தார்கள்? கலைக்கூடங்கள் படத்தைப் பார்த்துப் பரவசப்பட்டுச் சுவரோடு ஒட்டி மாட்டின! கதை சுவரைப் பார்த்தது. லமுனு ஒவ்வொரு ஊரிலும் சண்டை பிடித்தார். "கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். பார்க்கிறவர் சுற்றி நடக்கட்டும். இல்லையென்றால் என் படத்தைத் தாருங்கள், நான் போகிறேன்." சில ஊர்களில் உண்மையாகவே சுருட்டிக்கொண்டு போனார். புகழ் போனது, வாய்ப்பு போனது. வளைந்தாரா? இல்லை!

என்ன அண்ணை? நேரம் போகுதோ? போகட்டும். போன வருட விழாவில் வரவேற்புரை முடிவதற்குள் சோறு ஆறிவிட்டது. அன்றைக்கு யாரும் கடிகாரம் பார்க்கவில்லையே!

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பேசினால் பொன்னாடை, பேசாமல் அமர்ந்திருந்தாலும் பொன்னாடை. போர்த்தியது வீட்டுக்குப் போகும், அலுமாரியில் உறங்கும், அடுத்த விழாவில் அதே உறையோடு இன்னொருவர் தோளில் விழும். பிரெடெரிசியா நகரில் போர்த்தியது இங்கே வரும், இங்கே போர்த்தியது புரொண்பிக்குப் போகும். லமுனு இதைக் கேள்விப்பட்டுக் கண் விரித்தார். "அவற்றை எனக்குத் தருவீர்களா?" என்றார். மன்றம் மகிழ்ந்து தந்தது. வீடுகளில் பெண்கள் தந்தார்கள். தரும்போது ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மொழிபெயர்த்தவன் நான். எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டவனும் நான். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தார். முன்பக்கம் பொன்னும் சரிகையும். பின்பக்கம் அந்தப் பெண்கள் சொன்ன கதை, அவர்கள் சொன்ன தமிழிலேயே.

ஒன்றை வாசிக்கிறேன். "இதை இவருக்குப் போர்த்தேக்க நான் குசினிக்குள்ள வடை பொரிச்சுக்கொண்டு நிண்டனான். கைதட்டு கேட்டுது. ஆருக்கெண்டு கேட்டன். உங்கட மனுசனுக்குத்தான், உளுந்தைக் கெதியா அரையுங்கோ எண்டினம்."

இதை வாசித்ததும் நம் நிர்வாகக் குழு கொதித்துவிட்டது! சனிக்கிழமை நகரக் கலைக்கூடத்தில் இது திறக்கப்படவிருக்கிறது. குழு சொல்லிவிட்டது: சுவரோடு ஒட்டி மாட்டு, அல்லது பொன்னாடைகளைத் திருப்பித் தா.

தலைவர் என்னிடம் நேரே சொன்னார். "தம்பி, முன்பக்கம் நல்ல வடிவாத்தானே இருக்கு. பின்பக்கத்தை ஏன் ஊருக்குக் காட்டுறது?"

ஐயா, நான் காற்றாலை இறக்கைகளைச் சோதிக்கிற பொறியாளன். வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே என்னை வேலையால் நிறுத்துவார்கள். உள்ளே ஒட்டு விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். தட்டினால் இறக்கைக்கு அவமானமா? தட்டாமல் விட்டால் அல்லவா ஆபத்து! போரைச் சொன்னோம், புலம்பெயர்ந்ததைச் சொன்னோம், பனியைச் சொன்னோம், பட்ட பாட்டைச் சொன்னோம். பக்கத்தில் நின்று பட்டவளை ஏன் சொல்லவில்லை?

லமுனு குழுவுக்கு ஒரே பதில்தான் சொன்னார். "கதை சொன்ன பெண்கள் வேண்டாம் என்றால் என் கையாலேயே தையலைப் பிரிப்பேன். வேறு யார் சொல்லியும் பிரிக்க மாட்டேன்." அவர் டென்மார்க்கில் காட்டப்போகும் முதல் பெரிய படைப்பு இது. அதைப் பிரிக்கவும் துணிந்து, அதோ, கையில் கத்தரிக்கோலோடு அமர்ந்திருக்கிறார்.

ஆகவே இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். தாய்மார்களே, பிரிக்கவா? தொங்கவிடவா?

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, ஒலிவாங்கியில் கை வைக்காதேங்கோ. எனக்குத் தொண்டை இருக்கிறது.

யார் எழும்புவது? சுசீலாதேவி அன்ரி! வடைக் கதை சொன்னவர். நம் தலைவரின் துணைவியார். சொல்லுங்கள் அன்ரி. பின்னால் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். அன்ரி சொல்கிறார்: "நான் பொய் ஒண்டும் சொல்லேல்லை. இவருக்குக் கோவமெண்டால் வீட்டை போய் நான் கதைச்சுக்கொள்ளுறன். நடுவில தொங்கவிடச் சொல்லு தம்பி. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லு, கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாமல் கிடக்கு."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் எழுந்து நிற்கிறார்கள். தலைவர் தண்ணீர் குடிக்கிறார். லமுனு கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வாருங்கள். முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு ஓடாதீர்கள். சுற்றி நடந்து வாருங்கள், நின்று வாசியுங்கள்.

லமுனு அவர்களே, வளையாத உங்களுக்கு எங்கள் நன்றி. பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் குறுக்கிட்டவர்களுக்கும் நன்றி. இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லி இறங்குகிறேன்: சுசீலாதேவி அன்ரி, அன்றைக்கு நீங்கள் பொரித்த வடைக்கு நன்றி.

வணக்கம்.