மொட்டை மாடியில் இரண்டு பேர்

— ஒரு டிக்கெட்டுதானா? ஒங்களுக்கு எடுக்கலியா?

— நான் வரல சுமதி. நீ மட்டும் போ. பாளையங்கோட்டைல உங்க அம்மாகூட ஒரு ரெண்டு மாசம் இருந்துட்டு வா.

— எதுக்கு? அம்மைக்கு மேலுக்குச் சரியில்லையா? போன் ஏதும் வந்துச்சா?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

— பின்ன என்ன? அஞ்சு நாளா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுதிய. சோத்தப் போட்டா திங்கிய, எந்திச்சுப் போறிய. இன்னிக்குப் பூசைக்குக்கூட என்னைய விட்டுட்டுத் தனியா போயிட்டு வந்திய. இப்ப துணி காயப்போட மாடிக்கு வந்தா, பின்னாலயே வந்து டிக்கெட்ட நீட்டுதிய. கெட்டின பொண்டாட்டிய ஊருக்கு அனுப்புத மனுசன் என்ன குத்தம்னு சொல்லிட்டு அனுப்பணும்லா?

— அந்த பக்கெட்ட கீழ வை.

— வச்சாச்சு. சொல்லுங்க.

— ஜனவரி பத்தொம்பது. வியாழக்கிழமை. காலைல பதினொண்ணு இருவது. இந்த மாடில உன்கூட யார் இருந்தா?

— ரெண்டு மாசத்துக்கு முந்தியா? எனக்கு முந்தாநாள் என்ன கொழம்பு வச்சேன்னே நெனவு இல்ல.

— வெளையாடாத சுமதி. நான் என் கண்ணால பாத்தேன்.

— நீங்க எங்க பாத்திய? பதினோரு மணிக்கு நீங்க பேகம்பேட் ஆபீஸ்லல்லா இருப்பிய.

— மேலேந்து பாத்தேன். ப்ளேன்ல எடுத்த போட்டோ.

— ப்ளேன்லயா? எனக்கு வெளங்கல.

— எங்க கம்பெனில மேப் போடறாங்கன்னு சொல்லியிருக்கேன்ல. எப்பவும் எதோ ஃபாரின் ஊரா இருக்கும். இந்தத் தடவ ஹைதராபாத். ப்ளேன் நம்ம தலைக்கு மேல போய் எடுத்துட்டு வந்திருக்கு. எனக்கு மேப் பத்தி ஒண்ணும் தெரியாது, சிஸ்டம் கெட்டுப்போனா சரிபண்றதுதான் நம்ம வேலை. செவ்வாக்கிழமை, அங்க மேப் போடற வேணுகோபாலோட சிஸ்டம் தொங்கிடுச்சு. "ஃபெலிக்ஸ் பாய், ஜரா, கொஞ்சம் பாருங்க"ன்னுட்டு அவன் சாப்பிடப் போயிட்டான். சரிபண்ணிட்டு, படம் ஒழுங்கா வருதான்னு பாக்க அவனோட கண்ணாடிய எடுத்து மாட்டினேன்.

— கண்ணாடி போட்டுதான் பாக்கணுமா?

— ஹவ், ஆமா. கண்ணாடி இல்லாம பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டா கலங்கித் தெரியும். மாட்டினதும் ஸ்க்ரீன் அப்படியே பள்ளமா எறங்கிடும் மா. கட்டடமெல்லாம் அதுக்குள்ளேந்து எழும்பி நிக்கும். மல்லாபூர் ஃபேக்டரி புகைக்குழாய் நேரா என் கண்ணக் குத்தற மாதிரி வந்துச்சு, தலைய பின்னால இழுத்துக்கிட்டேன். எட்டு வருஷமா அந்த ஆபீஸ்ல இருக்கேன், அன்னிக்குதான் மொத மொதல்ல பாக்கறேன். அப்படியே மவுஸ நகத்திக்கிட்டே நாச்சாரம் வந்தேன். நம்ம சர்ச். ஸ்கூல் க்ரவுண்ட். அப்புறம் நம்ம தெரு.

— நம்ம வீடு தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. இதோ இந்தக் கருப்புத் தொட்டி, குண்டா, கைல எடுக்கலாம் போல. இந்தக் கைப்பிடிச் சுவர். அந்தப் படிக்கட்டு ரூம். உன்னை ஒரு நாள் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னுதான் எனக்கு மொதல்ல தோணிச்சு, சத்தியமா. அதுக்கப்புறம் பாத்தா, தொட்டிகிட்ட ஒரு ஆள். படிக்கட்டுகிட்ட ஒரு ஆள்.

— மூஞ்சி தெரிஞ்சுதா?

— மூஞ்சி எங்க தெரியப்போகுது, அவ்ளோ ஒசரத்துலேந்து. தலையும் தோளும், தரைல நீட்டமா நிழலும். கறுப்பு வெள்ளைப் படம் வேற. ஆனா ஆள்தான். ரெண்டு ஆள்.

— அந்த வேணுகோபால் சாப்பிட்டுட்டு வந்தப்பொறவு அவருகிட்ட கேக்க வேண்டியதுதான?

— என்னன்னு கேக்கறது? என் வீட்டு மாடில யாரோ இருக்கான், யாருன்னு பாத்துச் சொல்லு பாய்னா? படத்த மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

— சரி. ஒரு ஆளு நான். இன்னொரு ஆளு யாருன்னு நெனச்சிய?

— கீழ் போர்ஷன் ஜகதீசன்.

— ஓ. அதான் நேத்து அந்த மனுசன் பெட்டியும் மெத்தையுமா ஆட்டோல ஏறிப் போனாரா? நீங்க என்ன செஞ்சிய?

— ஓனர்கிட்ட சொன்னேன். பேச்சிலருக்கு வீடு விட்டா ஃபேமிலிங்களுக்குப் பரேஷான், தொந்தரவுன்னு. அவ்ளோதான் சொன்னேன். மீதிய அவரே புரிஞ்சுக்கிட்டாரு.

— ஏன் எதுக்குன்னு தெரியாம தெருவுல நின்னாரு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவருகிட்ட மொத்தம் ரெண்டு தடவ பேசியிருக்கேன். ஒரு தடவ, கேஸ்காரன் தெலுங்குல என்னமோ சத்தம் போடுதான், என்னன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு. இன்னொரு தடவ கிறிஸ்துமஸுக்கு கேக் குடுத்தப்போ. அன்னிக்கு நீங்களும் பக்கத்துலதான் நின்னிய.

— இந்தத் தெருவுல உன்கூட தமிழ்ல பேசக்கூடிய ஆள் அவன் ஒருத்தன்தான். நான் வேற யாரை நெனைக்கறது?

— அந்தக் கண்ணாடி எப்படி வேல செய்யும்?

— பேச்ச மாத்தாத.

— மாத்தல. நான் கணக்குல பி.எஸ்ஸி. சொன்னா வெளங்கும். சொல்லுங்க.

— எதுக்கு இப்ப இது? சரி. கட்டைவிரல மூக்குக்கு நேரா நீட்டு. வலது கண்ண மூடு. இப்ப அதத் தொறந்து எடது கண்ண மூடு. வெரல் நகருதா?

— நகருது. தொட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கமாப் போயிட்டு.

— ரெண்டு கண்ணும் ரெண்டு எடத்துலேந்து பாக்குது. மூளை அதை ஒண்ணா சேத்துக்கும், அப்பதான் எது கிட்ட எது தூரம்னு தெரியும். ப்ளேன் போட்டோலயும் அதேதான். ரெண்டு போட்டோ. ஒண்ணு எடது கண்ணுக்கு, ஒண்ணு வலது கண்ணுக்கு. கண்ணாடி அதை மாத்தி மாத்திக் காட்டும், நமக்குத் தெரியாத வேகத்துல.

— அப்போ ப்ளேன்ல ரெண்டு கேமரா இருக்குமா?

— ஒண்ணுதான். ஒரு எடத்துல ஒரு போட்டோ எடுத்துட்டு, பறந்து கொஞ்ச தூரம் போய் அடுத்தத எடுக்கும்.

— அந்தக் கொஞ்ச தூரம் போக எவ்வளவு நேரம் ஆவும்?

— படத்து ஓரத்துல தேதியும் ஒரு கடியாரமும் விழுந்திருக்கும். அதுலதான் பதினொண்ணு இருவதுன்னு பாத்தேன். ரெண்டாவது போட்டோல எட்டு செகண்ட் கூட இருந்துச்சு.

— எட்டு செகண்டு.

— ஹவ்.

— அந்த ரெண்டு ஆளும் தொட்டி மாதிரி எழும்பி நின்னாவளா?

— இல்ல. அது ஒரு மாதிரி மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சு. டியூப்லைட் போகப்போற சமயத்துல இருக்கும்ல, அந்த மாதிரி. கண்ணாடில பேட்டரி வீக்குன்னு நெனச்சேன்.

— தொட்டி மினுக்குச்சா? சுவரு மினுக்குச்சா?

— அதெல்லாம் நல்லாத்தான் நின்னுச்சு.

— ஒத்தக் கண்ண மூடிப் பாத்தியளா?

— இல்ல. எதுக்கு மூடணும்?

— சரி, வாச்சப் பாருங்க. நான் தொட்டிகிட்ட போயி நிக்கேன். அங்கன இருந்து நடக்கப்போ சத்தமா எண்ணுங்க.

— சுமதி, பக்கத்து மாடில பாக்கறாங்க.

— பாக்கட்டும். எண்ணுங்க.

— ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.

— இப்ப எங்க நிக்கேன்?

— படிக்கட்டுகிட்ட.

— மொதல்ல தொட்டிகிட்ட நின்னது யாரு?

— நீ.

— இங்கன நிக்கது?

— நீதான்.

— ஒரு கண்ணுக்கு அங்கன இருந்தேன், மறு கண்ணுக்கு இங்கன வந்துட்டேன். தொட்டி நகரல, அதனால அது எழும்பி நின்னுச்சு. நான் நடந்துக்கிட்டு இருந்தேன், அதனால நிக்கல. ஒத்தக் கண்ண மூடியிருந்தியன்னா ஒரே ஆளுதான் தெரிஞ்சிருக்கும். கீழ உக்காராதிய, தரை சுடும்.

— சுடட்டும்.

— எந்திங்க.

— அஞ்சு நாளா தூங்கல சுமதி. அந்தப் படத்துக் கடியாரத்த நானேதான் பாத்தேன். எட்டு செகண்ட்னு நானேதான் படிச்சேன். எனக்கு ஏன் இது தோணல?

— எனக்கு என்ன தெரியும்? ஒங்களுக்கு ஆளு வேண்டியிருந்துச்சு, ஆளு தெரிஞ்சுது.

— அந்த டிக்கெட்டக் குடு. கேன்சல் பண்ணிடறேன்.

— அது எங்கிட்டயே இருக்கட்டும். போறதா வேண்டாமான்னு நான் யோசிச்சுக்கிடுதேன். நீங்க மொதல்ல அந்த ஜகதீசன் எங்கன போயி எறங்கியிருக்காருன்னு தேடிப் போங்க.

— போய் என்னன்னு சொல்றது?

— அது ஒங்க பாடு.

— போறேன். சாயங்காலமே போறேன். ஒண்ணு மட்டும் கேக்கவா? தப்பா எடுத்துக்காத. பதினோரு மணி வெயில்ல மாடில எதுக்கு நடந்த?

— தெனமும்தான் நடக்கேன். ஞாயித்துக்கிழமையும் நீங்க லீவு போட்ட நாளும் தவுத்து.

— தெனமுமா? ரெண்டு வருஷமாவா?

— வந்த புதுசுல கொஞ்ச நாள் இல்ல. அப்ப எதுத்த வீட்டக்கா வருவா. அவ தெலுங்குல பேசுவா, நான் சிரிப்பேன். எத்தனை நாளைக்குச் சிரிச்சுக்கிட்டே இருக்கது? அவளும் நின்னுட்டா. நீங்க எட்டு மணிக்குப் போறிய. ஒம்போதுக்குள்ள எனக்கு வேல முடிஞ்சிரும். பெறவு ராத்திரி நீங்க வர வரைக்கும் நாலு சுவரு. பதினோரு மணிக்கு மாடிக்கு வந்து, தொட்டிக்கும் படிக்கும் நானூறு தடவ நடப்பேன். மல்லாபூர் ஃபேக்டரில பன்னெண்டு மணி சங்கு ஊதுனா கீழ எறங்கிருவேன். வாய்விட்டு எண்ணிக்கிட்டே நடக்கது.

— வாய்விட்டு எதுக்கு?

— இல்லன்னா ராத்திரி நீங்க வந்து ஏதாச்சும் கேட்டா சத்தம் வர மாட்டேங்கு. தொண்டை கெட்டிப் போவுது. ஒரு நாள் நீங்ககூட சளி பிடிச்சிருக்கான்னு கேட்டிய.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— எப்ப?

— நான் இங்கயே பொறந்து வளந்தவன் சுமதி. அப்பா ரிடையர் ஆகி ஊருக்குப் போனப்பகூட எனக்கு இந்த ஊர் காலியாத் தோணினதில்ல. இப்படி இருக்கும்னு நான் நெனச்சுப் பாக்கவே இல்ல. ஆனா நான் ஒண்ணும் பொய் சொல்லல. அந்தக் கண்ணாடில பாத்தப்ப, சத்தியமா ரெண்டு பேர் இருக்கற மாதிரியேதான் இருந்துச்சு.

— ரெண்டு பேரு இருந்திருந்தா நான் எதுக்குங்க நடக்கேன்? உக்காந்துல்லா பேசிக்கிட்டு இருந்திருப்பேன்.